60 கிராம் தூண்டில் ஈயக்குண்டுக்கு வீட்டிலேயே ஓர் அச்சு

ஈயம் உறைந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்து மூடியைத் தட்டினேன், நகரவில்லை. மரச்சுத்தியலால் கொஞ்சம் பலமாகத் தட்டியும் நகரவில்லை. மூன்றாவது தட்டில் மூடியின் திருகுதான் வளைந்தது. இரண்டு வாரம் மாலை நேரமெல்லாம் உட்கார்ந்து அறுத்து, துளைத்து, தேய்த்த அலுமினிய அச்சு முதல் குண்டையே விழுங்கி வைத்துக்கொண்டது. கடைசியில் அச்சோடு சேர்த்து ஹாட் பிளேட்டில் வைத்துச் சூடேற்றி, உள்ளே இருந்ததை மறுபடி உருக்கி வழியவிட்டுத்தான் திறந்தேன். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், அலுமினியம் உருக 600-ஐ ஒட்டியோ தாண்டியோ போக வேண்டும். அதனால் அச்சு பிழைத்தது.

படம் வரைந்த அன்றே லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஊத்துறது சரி தம்பி, இது எந்தப் பக்கமா வெளிய வரும்?" என்று கேட்டார். "மூடி சுத்தும்ணே, அப்புறம் ரெண்டு பாதியும் பிரியும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்கு ஹாட் பிளேட் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

எதற்கு இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாறைகள் நிறைந்த அடித்தளத்தில் தூண்டில் போடும்போது, வழக்கமான உருண்டைக் குண்டுகள் இடுக்கில் போய் மாட்டிக்கொள்கின்றன. ஒல்லியாக, நீளமாக, ஒரு முனை மட்டும் பருத்து உருண்டு, மறுமுனையில் கம்பி வளையம் உள்ள குண்டு எனக்கு வேண்டும். எடை சரியாக 60 கிராம். என் தூண்டில் கோலுக்கு அதுதான் இதமான எடை. அதற்கு மேல் போனால் வீசும்போது கோல் திணறுகிறது.

கணக்கு சுலபம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். 60 கிராமுக்கு 5.29 கன செ.மீ. பருத்த முனை 18 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோளம் என்று வைத்துக்கொண்டால் அதற்கு 1.53 போய்விடும். மீதி 3.76, 18-லிருந்து 6 மி.மீ.க்கு ஒடுங்கும் கூம்பில் அடங்க வேண்டும். கூம்பின் நீளம் 30.7 மி.மீ. வருகிறது. மொத்த நீளம் கிட்டத்தட்ட 40. சுண்டுவிரலை விடக் குட்டை.

அலுமினியத்துக்கு முன்னால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு சோதனை அச்சு போட்டேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, பிளாஸ்டர் தொட்டுப் பார்க்கக் காய்ந்திருந்தாலும் காய்ந்தது ஆகாது. கெட்டியான பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், அதன் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு இருக்கிறது. உருகிய ஈயம் பட்டால் அது ஆவியாக வெளியே வரும். நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். அடியில் மாட்டிக்கொண்ட ஒரு சொட்டு போதும், கரண்டி ஈயத்தை முகத்தில் அடிக்க. பல மணி நேரம் சூட்டில் வைத்த பிறகுதான் அந்த அச்சில் ஊற்றினேன். அப்படியும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையை நீட்டித்தான். ஒன்பதாவது குண்டில் அச்சு விரிசல் விட்டது.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். பிளாஸ்டர் அச்சில் ஒல்லி முனை மேலே இருந்தது, அதன் வழியாகத்தான் ஊற்றினேன். வெளியே வந்த குண்டு பார்க்க அழகாக இருந்தது. தராசில் 56.9 கிராம். ஒன்றை நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். பருத்த பகுதியின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு பொந்து, அதன் சுவரெல்லாம் சொரசொரப்பான படிகங்கள்.

யோசித்தால் நியாயம்தான். உருகிய ஈயத்தின் அடர்த்தி 10.66. அதாவது என் குழி நிரம்ப ஊற்றினால் உள்ளே போவது 56.4 கிராம் மட்டுமே. உறைய உறைய ஈயம் சுருங்கும். குறைகிற இடத்தை நிரப்ப மேலிருந்து இன்னும் மூன்றரை கிராம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒல்லிக் கழுத்து முதலில் உறைந்துவிட்டால் வாசல் அடைபட்டுப் போகிறது. உள்ளே இருக்கும் திரவம் தனக்குள்ளேயே சுருங்கி நடுவில் பொந்தை விட்டுவிடுகிறது. ஆகவே பருத்த முனை மேலே, ஒல்லி முனை கீழே. உறைதல் அடியிலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். ஊற்றுவாயில் இருக்கும் ஈயம் கடைசியாக உறைய வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துத்தான் அலுமினிய அச்சை வரைந்தேன். உள்ளே போகிற வழிக்கு அவ்வளவு யோசித்த எனக்கு வெளியே வருகிற வழி மட்டும் தோன்றவில்லை.

50-க்கு 40, 20 மி.மீ. தடிமனில் இரண்டு அலுமினியத் துண்டுகள். இரண்டும் சேரும் முகத்தை, தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினேன். இந்த வேலையில் கஞ்சத்தனம் கூடாது. சேர்முகத்தில் 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால் குண்டைச் சுற்றிப் பிசிறு வருவது மட்டுமல்ல, எடையிலும் அரை கிராமுக்கு மேல் கூடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கீற்றுக்கூடத் தெரியக்கூடாது.

அடுத்தது டவல் பின்கள், இரு பாதிகளும் நகராமல் நேராகச் சேர வைக்கும் முளைகள். 5 மி.மீ. எஃகுப் பின் இரண்டு. குழி தோண்டுவதற்கு முன்பே இதைப் போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று நகர்ந்துதான் நிற்கும். இரண்டு பின்னும் ஒரே உயரத்தில் இல்லாமல் ஒன்றைச் சற்று மேலே வைத்தேன். அச்சைத் தலைகீழாகப் பூட்டிவிட முடியாது. பின்களின் முனையை உருட்டி விட்டால் சூட்டிலும் சுலபமாகப் பிரியும்.

குழி தோண்ட டி-பிட் என்ற பழைய பட்டறை உத்தி. வேண்டிய வடிவத்தில் எஃகுக் கம்பியைக் கடைந்து, அதை நீளவாக்கில் சரிபாதியாக அரத்தால் தேய்த்துவிட வேண்டும். குறுக்கே பார்த்தால் ஆங்கில டி எழுத்து போல இருக்கும். அந்த ஒற்றை விளிம்புதான் வெட்டும். அண்ணன் தன் லேத்தில் சில்வர் ஸ்டீல் என்ற, காய்ச்சிக் கடினமாக்கக்கூடிய எஃகுக் கம்பியில் இரண்டு கடைந்து கொடுத்தார். ஒன்று 18-லிருந்து 6-க்கு ஒடுங்கும் கூம்பு, மற்றொன்று 18 மி.மீ. உருண்டை முனை. பாதியாகத் தேய்த்தது நான். பாதிக்கு மேல் ஒரு மயிரிழை விட்டுத் தேய்த்தால் பிட் துளைக்குள் ஆடாமல் நிற்கும். பாதிக்குக் கீழே போய்விட்டால் துள்ளும். அப்புறம் கேஸ் டார்ச்சில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் ஒரு சில நொடி விட்டு எண்ணெயில் முக்கினேன். பளபளப்பாகத் தேய்த்து மறுபடி மெல்லச் சூடேற்றி, வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடியதும் நிறுத்தினேன். அது ஏறக்குறைய 220, 230 டிகிரி. அலுமினியத்தை வெட்ட இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லைதான். ஆனால் அடுத்த அச்சுக்கும் பிட் வேண்டுமே.

இரு பாதிகளையும் டவல் பின்களால் பூட்டி, வைஸில் இறுக்கி, சேரும் கோட்டின் மேல் சென்டர் பஞ்ச் வைத்து, முதலில் சாதாரண டிரில்லால் படிப்படியாகத் துளைத்தேன். 6 மி.மீ. முழு ஆழம், 10 மி.மீ. 18 வரை, 14 மி.மீ. 8 வரை. மீதி இருக்கும் படிக்கட்டுகளை டி-பிட் சீவி எடுத்துவிடும். குறைந்த வேகத்தில், மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, இரண்டு மூன்று மி.மீ.க்கு ஒரு தடவை வெளியே எடுத்துச் சுருளைத் தட்டிவிட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன், அலுமினியம் விளிம்பில் அப்பிக்கொண்டு குழிச் சுவரில் கோடு போட்டுவிட்டது.

முதல் ஜோடித் துண்டுகள் இங்கேதான் வீணாகப் பார்த்தன. துளை கோட்டின் மேல் சரியாக இறங்காமல் இடது பாதிக்குள் 0.2 மி.மீ. சாய்ந்துவிட்டது. கால் மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் பாதிக்கு மேல் ஒரு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் குண்டைக் கவ்விக்கொள்ளும். வட்டமான குழிக்குத் தனியாகச் சாய்வு கொடுக்க வேண்டியதில்லை, வட்டமே வழிவிடும். ஆனால் சரியாகப் பாதியில் பிரிந்தால்தான். அதிகம் உள்ள பாதியின் முகத்தைக் கண்ணாடி மேல் தேய்த்து 0.2 குறைத்துவிட்டேன். குண்டு ஒரு மயிரிழை தட்டையாக வரும், மீனுக்கு அது தெரியாது. ஏன் சாய்ந்தது என்று பார்த்தால், வைஸின் தாடை ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால் மேல்பக்கம் லேசாக வாய் பிளந்திருந்தது. டிரில் அந்தப் பிளவில் இறங்கி வழுக்கியிருக்கிறது. மேலேயும் கீழேயும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும்.

சரி, மூடி. பருத்த முனை தட்டையாக உள்ள குண்டு என்றால், மேலே ஒரு தட்டையான மூடி, ஒரு திருகில் சுழலும், நடுவே ஊற்றுவாய். உறைந்ததும் தட்டினால் மூடி பக்கவாட்டில் நகர்ந்து, ஊற்றுவாயில் உறைந்ததைக் கத்தரித்துவிடும். நல்ல யோசனை. நான் அதில் என் சொந்த அறிவைச் சேர்த்தேன். குண்டின் முனை உருண்டையாக வேண்டுமே என்று அந்த மூடியின் அடியில் 9 மி.மீ. ஆழத்துக்கு அரைக்கோளம் குடைந்தேன். பக்கவாட்டில் நகர வேண்டிய மூடிக்குள் ஒரு ஈய மொட்டு 9 மி.மீ. உயரத்துக்குப் புகுந்து உட்கார்ந்திருந்தால் மூடி எப்படி நகரும்? கதவுக்குக் கொண்டியும் போட்டுவிட்டுத் தள்ளிப் பார்த்திருக்கிறேன்.

நேராக மேலே தூக்கிவிடலாமே என்று அடுத்த யோசனை. அதுவும் முடியாது. ஊற்றுவாய் புனல் மாதிரி மேலே அகலம், கீழே குறுகல். உறைந்த ஈயப் புனல் குண்டோடு ஒட்டியிருக்கும்போது, குறுகிய ஓட்டையால் அகன்ற புனலைத் தாண்டி எப்படித் தூக்குவது? இரண்டு திசையும் அடைபட்டால் மிச்சம் ஒரே வழி. மூடியும் அச்சைப் போலவே இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் போக வேண்டும்.

குடைந்த மூடியையே நடுவில் அறுத்துவிடலாம் என்று கையில் ரம்பத்தை எடுத்தேன். அண்ணன் தடுத்தார். "ரம்பம் ஒரு மில்லிமீட்டர் சாப்பிட்டுரும். அப்புறம் வட்டம் எங்க இருக்கும்?" ஆகவே புதிதாக இரண்டு துண்டுகள், 22 மி.மீ. உயரம். அவற்றைச் சேர்த்துப் பூட்டி, சேரும் கோட்டின் மேல் 6 மி.மீ. ஊடுதுளை, கீழிருந்து உருண்டை டி-பிட் 9 மி.மீ. ஆழம், மேலிருந்து அதே கூம்பு டி-பிட் 13 மி.மீ. ஆழம். ஒரே பிட் குண்டுக்கும் ஊற்றுவாய்க்கும் பயன்பட்டதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அந்த ஊற்றுவாயில் சுமார் 8 கிராம் ஈயம் நிற்கும். குண்டு கேட்பது மூன்றரை. கழுத்து 6 மி.மீ. அகலம் என்பதால் அவசரப்பட்டு உறையாது.

இந்தத் துண்டுகளை அச்சின் இரு பாதிகளின் தலையில் ஆளுக்கொன்றாக வைத்து, குழிகள் நேராக நிற்க உள்ளே உருண்டை பிட்டையே விட்டுப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு ஆலன் திருகு போட்டு இறுக்கினேன். இப்போது அச்சில் அசையும் பாகம் எதுவும் இல்லை. இடது, வலது, அவ்வளவுதான். ஊற்றுவாயில் மிஞ்சுவதைக் கட்டிங் பிளையரால் கடித்து எடுத்துவிடலாம்.

கம்பி வளையத்துக்கு 1.2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. இதன் மேல் ஈயம் பிடிக்காது, அதனால் உள்ளே போகும் இரண்டு வாலையும் முறுக்கி முனைகளை விரித்துவிட வேண்டும். வளையம் அச்சுக்கு வெளியே கீழே தொங்கும். அதன் வால் வர, சேர்முகத்தில் முக்கோண அரத்தால் வாய்க்கால் போட்டேன். வாய்க்கால் கம்பியை விட அகலமானால் ஈயம் கீழே ஒழுகும். அச்சை மேஜையில் வைத்ததும் வளையம் தரையில் இடித்துக் கம்பி மேலே ஏறிவிட்டது. நான்கு மூலையிலும் திருகுகளைக் காலாக வைத்து 15 மி.மீ. உயர்த்திய பிறகு சரியானது.

ஊற்றும் நாள் பற்றி. திறந்த வெளியில், காற்று முதுகிலிருந்து அடிக்கிற மாதிரி நின்று. கண்ணாடி, முகக்கவசம், தோல் கையுறை, மூடிய செருப்பு, துகள் வடிகட்டி உள்ள சுவாசக்கவசம். ஈயத்தில் பயப்பட வேண்டியது புகையை மட்டும் அல்ல. வெப்பத்தை 400-ஐத் தாண்ட விடாவிட்டால் ஆவி குறைவு. உருகிய ஈயத்தின் மேல் படியும் சாம்பல் நிறக் கசடுத் தூள்தான் கையில் ஒட்டி, உடையில் ஒட்டி, வாய்க்குப் போகும். அதைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பாத்திரமும் கரண்டியும் இதற்கென்றே தனி. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்திலேயே வரக்கூடாது. முடிந்ததும் கை முகம் கழுவி, உடையைத் தனியாகத் துவைப்பது. பேட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள ஆர்சனிக்கும் ஆன்டிமனியும், கசடு ஈரத்தில் படும்போது கொடிய வாயுக்களாக வரும்.

குழிச் சுவரில் மெழுகுவர்த்திப் புகைக்கரியை மெல்லப் பிடிக்கவிட்டேன். அச்சை ஹாட் பிளேட்டில் 150 டிகிரி வரை சூடாக்கினேன். முதல் மூன்று குண்டுகள் கிழவி கன்னம் மாதிரி சுருக்கம். அச்சின் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஆறாவதிலிருந்து பளபளத்தது. விடாமல் ஊற்றிக்கொண்டே போனால் பன்னிரண்டு பதின்மூன்றில் மேல்பரப்பு பனி படர்ந்தது போல மங்கும், அப்போது அச்சு அதிகம் சூடாகிவிட்டது. ஒரு நிமிடம் திறந்து வைத்தால் போதும்.

பளபளத்தும் ஒரு குறை போகவில்லை. உருண்டை முனையும் கூம்பும் சேரும் தோள் ஒரு பக்கம் மட்டும் நிரம்பாமல் மழுங்கலாக வந்தது. ஈயத்தை இன்னும் சூடாக்கினேன், வேகமாக ஊற்றினேன், மெதுவாக ஊற்றினேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில்தான் உறைத்தது. குழிக்குள் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார், காற்று. அவருக்கு நான் வாசலே வைக்கவில்லை. நான் பெருமையாகச் சமப்படுத்திய சேர்முகம் அவ்வளவு இறுக்கம். கூர்மையான ஸ்கிரைபரால் தோளிலிருந்து வெளி ஓரம் வரை இரண்டு மி.மீ.க்கு ஒன்றாக ஏழெட்டுக் கோடுகள் இழுத்தேன், தாளின் தடிமனில் பாதிதான் ஆழம். ஈயத்தின் பரப்பு இழுவிசை அதிகம், அவ்வளவு மெல்லிய கீறலுக்குள் அது நுழையாது. காற்று நுழையும். அடுத்த குண்டிலேயே தோள் கூர்மையாக வந்தது.

எடை 58.8. ஒன்றல்ல, பத்துக்கு ஒன்பது அதைச் சுற்றியே. அறுத்தும் பார்த்துவிட்டேன், உள்ளே பொந்து இல்லை. மீதி 1.2 கிராம் எங்கே போனது? கெட்டியான பிறகும் ஈயம் 327-லிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது நீளத்தில் கிட்டத்தட்ட 0.9 சதவீதம் சுருங்குகிறது. சூடான அச்சு அதில் 0.3-ஐ ஈடுகட்டும். மிச்சம் 0.6, கன அளவில் 1.7 சதவீதம், அதாவது ஒரு கிராம். இதை முதலிலேயே வரைபடத்தில் சேர்த்திருக்க வேண்டும். குழியைச் சுற்றிலும் 0.07 மி.மீ. பெரிதாக்கினால் 60 வந்துவிடும். டி-பிட்டின் மேல் தாள் துண்டு சுற்றிப் பார்க்கலாமா என்று யோசித்துவிட்டு, 58.8 கிராமைக் கோல் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. விட்டுவிட்டேன்.

ஈயக்குண்டு செய்ய நினைப்பவர்கள் தங்கள் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. நீர்ப்பறவைகள் சின்ன ஈயமணிகளைக் கூழாங்கல் என்று விழுங்கிச் சாகின்றன. பிரிட்டனில் 1987 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயங்களுக்குத் தடை இருக்கிறது. சிறிய எடைகளுக்கு நான் பிஸ்மத்-தகரக் கலவைக்குப் போகப்போகிறேன். 58-க்கு 42 விகிதத்தில் அது 138 டிகிரியிலேயே உருகும். இதே அச்சில் ஊற்றினால் 45 கிராம் குண்டு வரும். ஈயம் தொட்ட கரண்டியை அதற்குப் பயன்படுத்தக்கூடாது. கலந்தால் உருகுநிலை தாறுமாறாக இறங்கும்.

இப்போது 90 கிராமுக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். எல்லா அளவையும் 1.145-ஆல் பெருக்கினால் போதும். விட்டம் 20.6, நீளம் 45.4, அதற்கு மேல் சுருக்கத்துக்காக 0.6 சதவீதம். படத்தை அண்ணனிடம் காட்டினேன். இந்தத் தடவை அவர் ஊற்றுவாயைப் பார்க்கவேயில்லை. இரு பாதிகளின் பக்கத்தில் நான் போட்டிருந்த அம்புக்குறிகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, 22 மி.மீ. கம்பி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து லேத் மேல் வைத்தார்.